பெயர் வெட்டுதல்

தமிழில் ‘வெட்டுதல்’ என்ற வினை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு செயல்களைக் குறிக்கும்: கல்லில் பெயரை வெட்டினால் அது நிலைபெறும், ஏட்டில் பெயரை வெட்டினால் அது இல்லாமற்போகும். பழைய எகிப்தின் அரச சிலைகளில் ஒரே உளி இந்த இரண்டு வேலைகளையும் செய்திருப்பதால், அவற்றைப் பற்றி எழுத முற்படும் எவரும் இந்தச் சொல்லின் இரட்டைப் பொருளுக்கு விரைவிலேயே வந்து சேர நேரும். இலங்கையின் ஊவா மாகாணத்தில் அரசர்களோடு தொடர்புடைய கற்களை அந்தச் சிலைகளுக்கு அருகில் வைத்துப் பார்ப்பதற்கு இச்சொல் ஒரு வழியைத் தருகிறது; மற்றொரு வழியைக் கல்லே தருகிறது.

ஊவாவின் பதுளை மலைகளின் அடியில் கிடப்பது பெரும்பாலும் நைஸ் எனப்படும் வரிப்பாறை. பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து பழைய பாறையை உருமாற்ற, கருமையும் வெண்மையுமான வரிகள் மாறிமாறிப் படிந்து உருவான இந்தக் கல், அப்புத்தளையிலிருந்து பதுளை வரை தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆங்காங்கே தலைநீட்டி நிற்பதை அம்மலைகளில் ஏறி இறங்குவோர் அறிவர். எகிப்தின் நான்காம் அரசமரபைச் சேர்ந்த காஃப்ரே மன்னனின் அமர்ந்த சிலை, இன்றைக்கு ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன்னர் செதுக்கப்பட்டு, இப்போது கெய்ரோவின் எகிப்திய அருங்காட்சியகத்தில் இருப்பது, அதே நைஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கல்லால் ஆனது. கனிமங்களின் கலவையில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. எகிப்தியக் கல்லுக்கு வெயிலில் நீலச்சாயல் ஒளிரும் தனித்தன்மையும் உண்டு. அக்கல் கீசாவில் கிடைப்பதன்று. தெற்கே நூபியப் பாலைவனத்தில், அபு சிம்பெலுக்கு வடமேற்கே உள்ள சுரங்கங்களில் அது பெயர்த்தெடுக்கப்பட்டு, மணலில் இழுத்து வரப்பட்டு, நைல் ஆற்றின் வழியாகக் கொண்டு செல்லப்பட்டது. கீசாவில் காலடியிலேயே சுண்ணக்கல் குவிந்து கிடக்க, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இரும்பின் துணையே இல்லாத ஒரு காலத்தில் இவ்வளவு கடினமான கல்லை வரவழைத்ததற்கு, அழகு மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது. டோலரைட் என்னும் அதனினும் கடிய கல்லுருண்டைகளால் இடித்து இடித்தும், செப்புக் கருவிகளுக்கு அடியில் மணலைத் தூவித் தேய்த்துத் தேய்த்தும் உருவாக்கிய அந்தச் சிலை, எளிதில் உடையக்கூடாது என்ற ஒரே நோக்கத்தை ஒவ்வொரு பகுதியிலும் காட்டுகிறது.

சிலையின் உயரம் 168 சென்டிமீட்டர். மன்னன் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறான். ஒரு கை முழங்காலின் மேல் விரிந்திருக்க, மற்றொரு கை முட்டியாக மூடியிருக்கிறது. கைக்கும் உடலுக்கும் இடையிலும், காலுக்கும் இருக்கைக்கும் இடையிலும் வெட்டி நீக்கியிருக்கக்கூடிய கல்லைச் சிற்பி நீக்காமல் விட்டிருக்கிறான். தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே முதலில் முறியும் என்பது அவனுக்குத் தெரியும். தலையில் நெமெஸ் என்னும் மடிப்புத் துணி தோளில் வந்து விழுகிறது. நெற்றியில் படமெடுத்த நாகம். முகவாயில் அரசர்க்குரிய ஒட்டுத் தாடி. இருக்கையின் இரு பக்கங்களிலும், மேல் எகிப்தையும் கீழ் எகிப்தையும் குறிக்கும் இரு செடிகள் ஒரு முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. முன்னால் நின்று பார்ப்பவருக்கு இவ்வளவுதான் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்தால்தான், மன்னனின் பிடரிக்குப் பின்னால் ஹோரஸ் என்னும் வல்லூறு உருவக் கடவுள் அமர்ந்து தன் இரு சிறகுகளாலும் அவன் தலையை அணைத்திருப்பது புலப்படும். மன்னனுக்குத் தெரியாத இடத்தில், காண்பவருக்கும் எளிதில் தெரியாத இடத்தில், அவனுடைய அதிகாரத்தின் மூலம் உட்கார்ந்திருக்கிறது. உலகச் சிற்பங்களில் இவ்வளவு அடக்கமாகச் சொல்லப்பட்ட இறுமாப்பு வேறொன்று உண்டா என்பது ஐயமே.

பிரெஞ்சு ஆய்வாளர் ஒகுஸ்த் மரியேத் 1860இல் கீசாவிலுள்ள காஃப்ரேயின் பள்ளத்தாக்குக் கோவிலைத் தோண்டியபோது இச்சிலை அதன் தரையிலிருந்த ஒரு குழிக்குள் கிடந்தது. அக்கோவிலின் கூடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அரச சிலைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சுவரின் மேற்பகுதியிலிருந்த ஒடுங்கிய திறப்புகளின் வழியே மட்டும் வெளிச்சம் சாய்வாக இறங்கியது. மக்கள் அங்கே வந்து பார்க்கவில்லை. பூசகர்கள் வந்து உணவும் நீரும் படைத்தனர், பெயரைச் சொன்னார்கள், போனார்கள். எகிப்தியர் கருத்தில் மனிதன் பல கூறுகளின் சேர்க்கை. உணவை ஏற்று வாழும் உயிராற்றலைக் ‘கா’ என்றும், பெயரை ‘ரென்’ என்றும் அழைத்த அவர்கள், உடல் அழிந்தாலும் கல்லுடலில் ‘கா’ வந்து தங்கும் என்றும், எவருடைய கல்லுடல் அது என்பதைப் பெயரே முடிவு செய்யும் என்றும் நம்பினர். சிற்பியைக் குறிக்க அவர்கள் ஆண்ட சொற்களில் ஒன்றுக்கு ‘உயிர்பெறச் செய்பவன்’ என்பது பொருள். செதுக்கி முடித்த சிலையின் வாயைத் தச்சரின் வாய்ச்சி போன்ற கருவியால் தொட்டுத் திறக்கும் சடங்கு நடந்த பின்னரே அது உண்ணவும் பேசவும் வல்லதாயிற்று.

முகச்சாயல் உண்மையான மனிதனோடு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லாததால், அரசனின் பெயரைச் சுற்றி முடிச்சிட்ட கயிற்றைப் போல வரையப்படும் நீள்வளையமே சிலையின் உண்மையான முகமாக இருந்தது எனலாம். ஆகவே வளையத்துக்குள் இருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயரை வெட்டினால் சிலை கைமாறிவிடும். இரண்டாம் ராம்செஸ் தனக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அரசர்களின் சிலைகளை இவ்வாறு தன்னுடையவை ஆக்கிக்கொண்டான். பெண்ணாயிருந்து அரசராக ஆண்ட ஹட்செப்சுட்டின் சிலைகளோ அவருக்குப் பின் வந்த மூன்றாம் துட்மோசின் காலத்தில் கோவிலிலிருந்து அகற்றப்பட்டு உடைத்துக் குழிகளில் கொட்டப்பட்டன. 1920களில் ஹெர்பர்ட் வின்லாக் அவற்றைத் தோண்டியெடுத்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காகத் துண்டு துண்டாக ஒட்டவைத்தார். பல சிலைகள் கழுத்திலும் இடையிலும் முழங்காலிலும் முறிக்கப்பட்டிருப்பதால், அது பகையின் வேகத்தில் நிகழ்ந்த உடைப்பன்று, சிலையின் ஆற்றலை முறைப்படி அவிழ்க்கும் வழக்கம் என்று அண்மையில் வெளிவந்த ஓர் ஆய்வு வாதிடுகிறது. வாயைத் திறக்க ஒரு சடங்கு இருந்த நாட்டில் அதை மூடவும் ஒன்று இருந்திருக்கும் என்பது நம்பத்தக்கதே.

இந்தக் கேள்விகளோடு ஊவாவுக்குள் நுழைந்தால் முதலில் தென்படுவது அரசனின் முகமின்மை. பொலன்னறுவையில் ஏடேந்தி நிற்கும் பாறை உருவத்தைப் பராக்கிரமபாகு என்று சொல்லும் வழக்கம் உண்டு; மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் பல்லவ அரசர் இருவர் தம் தேவியரோடு பெயர்ப் பொறிப்பின் கீழ் நிற்கின்றனர். ஊவாவில் அத்தகைய உருவம் இல்லை. இங்கே அரசன் கல்லில் எழுத்தாக நிற்கிறான். பதுளை நகரில், கல்வெட்டறிஞர் செனரத் பரணவிதானவின் பெயரைத் தாங்கிய நூலகத்தையொட்டி ஒரு கூரையின் கீழ் நிற்கும் தூண் அதற்குச் சான்று. நான்கு பக்கங்களிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள் வெட்டப்பட்ட அந்தத் தூண் பதுளைக்கு உரியதன்று. கீழே மஹியங்கனைப் பகுதியில், சொரபொர வாவிக்கு அருகே கிடந்ததை, 1857இல் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜான் பெய்லி என்ற ஆங்கில அதிகாரி மலைமேல் கொண்டுவரச் செய்தார். எகிப்திலிருந்து அரசர்களின் தலைகள் கப்பலேறிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், இங்கே ஓர் அரசனின் சொல் சமவெளியிலிருந்து மலை ஏறியது.

அச்சொல் 10ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட உதயன் என்னும் மன்னனுடையது. அவன் மஹியங்கனை விகாரைக்கு வந்திருந்தபோது, ஹோபிட்டிகம என்ற சந்தையைச் சேர்ந்த வணிகரும் குடிகளும் அவனிடம் முறையிட்டனர். சந்தையை மேற்பார்த்த அலுவலர்கள் வழக்கத்துக்கு மாறாக வரியும் தண்டமும் பறிக்கிறார்கள் என்பது முறையீடு. அதற்குப் பதிலாக வந்த ஆணையே தூணில் இருக்கிறது. சந்தையில் விற்கப்படாமல் அவ்வழியாகக் கடந்து செல்லும் சரக்குக்குச் சுங்கம் கூடாது, முத்திரையிடாத எடைகளைக் கொண்டு நிறுக்கக் கூடாது, போயா என்னும் பௌத்த நோன்பு நாளில் கடை விரிக்கக் கூடாது என்று அது விதிகளை அடுக்கிச் செல்கிறது. அக்காலத்து ஆணைத் தூண்கள் பலவற்றில் ஞாயிறும் திங்களும் செதுக்கப்பட்டிருக்கும். கட்டளை அவை உள்ளவரை நிற்கும் என்பது பொருள். தமிழ்க் கல்வெட்டுகள் ‘சந்திராதித்தவரை’ என்று சொல்லால் கூறுவதை இவை உருவத்தால் கூறின. காக்கையும் நாயும் செதுக்கப்பட்டால், ஆணையை மீறுவோர் அப்பிறவிகளை எடுப்பர் என்பது எச்சரிக்கை.

காஃப்ரே தன்னைப் பற்றி மட்டுமே கல்லில் சொன்னான். உதயனின் கல்லிலோ வெற்றிலையும் நிறைகல்லும் சந்தைக் கூச்சலும் நிரம்பியிருக்கின்றன. முறையிட்டவர்களின் குரல், அரசனின் குரலுக்குள் மடிந்தாவது, கல்லுக்குள் சென்றுவிட்டது. ஊவாவின் அரசக் கற்களில் மிகவும் மனிதத்தன்மை உடையது எது என்று கேட்டால், முகமே இல்லாத இத்தூணைத்தான் சுட்ட வேண்டியிருக்கும். ஆனால் சந்தையிலிருந்து அகற்றப்பட்ட அன்றே ஆணையின் கடைசி மூச்சும் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூரைக்கடியில் நிற்கும் தூண் எவரையும் தடுப்பதில்லை, எவர்க்கும் சலுகை தருவதுமில்லை.

உருவம் வேண்டுமெனில் மொனராகலை மாவட்டத்து மாளிகாவிலவுக்குச் செல்ல வேண்டும். அங்கே ஒற்றைப் படிகச் சுண்ணக்கல்லில் செதுக்கிய, 11 மீட்டருக்கும் மேல் உயர்ந்த புத்தர் சிலை ஒன்றும், சற்றுத் தொலைவில் தம்பேகொட என்னும் மேட்டில் 10 மீட்டர் அளவிலான போதிசத்துவர் சிலை ஒன்றும் உள்ளன. போதிசத்துவர் என்பவர் புத்தநிலையை அடையும் தகுதி இருந்தும் உயிர்களின் துயர் தீர்க்க உலகில் தங்குபவர். அவர்களுள் கருணையே வடிவான அவலோகிதேசுவரர் இவர். வீரசோழியம் அகத்தியனுக்குத் தமிழ் சொன்னவனாகக் கூறும் அவலோகிதனும் இவரே என்பதால், தமிழ் வாசகருக்கு இவர் முற்றிலும் அயலார் அல்லர். துறவியின் போர்வை அணிந்த புத்தருக்கு மாறாக, போதிசத்துவர் அரசனைப் போல் உடுத்தவர்: தலையில் உயர்ந்த முடி, மார்பில் அணிகலன், இடையில் அடுக்கடுக்காக விழும் ஆடை. உரோகண நாட்டு இளவரசன் அக்கபோதி 7ஆம் நூற்றாண்டில் செய்த திருப்பணிகளோடு இவ்விடத்தை ஆய்வாளர்கள் இணைப்பர். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்காம் மகிந்தனின் தூண் கல்வெட்டும் அங்கே நிற்கிறது. ஆனால் சிலையில் எந்த அரசனின் பெயரும் இல்லை. அரசனின் முடியையும் அணியையும் ஏற்றுக்கொண்ட கல் அவனுடைய பெயரை ஏற்கவில்லை. ஹோரஸ் மன்னனைப் பின்னாலிருந்து அணைத்தான் என்றால், இங்கே அரசன் முழுவதுமாகத் தெய்வத்தின் உடைக்குள் மறைந்துவிட்டான்.

தம்பேகொடச் சிலை நெடுங்காலம் காட்டுக்குள் துண்டுகளாகவே கிடந்தது. சிலைக்குள் பொன் இருக்கும் என்ற நம்பிக்கையில் புதையல் தேடியவர்கள் வெடி வைத்துச் செய்த வேலை அது. ஒட்டுக்கோடுகள் இன்றும் தெரியும்படியாகத் தொல்பொருள் திணைக்களம் அதைச் சேர்த்து நிறுத்தியது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். ஹட்செப்சுட்டின் சிலைகளை உடைத்தவர்களுக்குக் கல்லில் ஓர் உயிர் இருக்கிறது என்ற அச்சமாவது இருந்தது. வெடி வைத்தவர்களுக்கோ கல் ஒரு பெட்டி. இரண்டில் எது பெரிய அவமதிப்பு என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. சுண்ணக்கல் நைஸைவிட மிக மென்மையானது, மழை நீரிலும் மெல்லக் கரையக்கூடியது. அதனால் இன்று சிலையின் மேல் ஒரு கூரை போடப்பட்டிருக்கிறது. முகத்தின் இமைகள் பாதி தாழ்ந்திருக்கின்றன. சிங்கள மரபில் சிலைக்குக் கண் எழுதும் ‘நேத்ர மங்கல்ய’ சடங்கின்போது, கலைஞன் நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே கண்ணைத் தீட்டுவான் என்றும், முடிந்ததும் கண்கட்டி வெளியே அழைத்துச் செல்லப்படுவான் என்றும், அவனது முதற்பார்வை விழும் பொருள் அழிவுக்குரியது என்றும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விளக்கியுள்ளார். எகிப்தியர் வாயைத் திறந்தனர், இங்கே கண்ணைத் திறந்தனர். அங்கே சிலை உண்ண வேண்டியிருந்தது, இங்கே அது பார்க்க வேண்டியிருந்தது.

வெல்லவாயவுக்கு அருகே புதுருவகலப் பாறையில் ஏழு உருவங்கள் புடைப்பாக நிற்கின்றன. நடுவிலுள்ள புத்தரின் உயரம் 51 அடி. பக்கத்தில் நிற்கும் அவலோகிதேசுவரரின் உடலில் வெண்சுதை இன்னும் ஒட்டியிருப்பதைக் கொண்டு, ஒருகாலத்தில் இந்தக் கற்கள் எல்லாம் சுதையும் வண்ணமும் பூசி நின்றவை என்று அறியலாம்.

தேயிலைத் தோட்டத்து மக்கள் அன்றாடம் கடந்து செல்லும் சிலையோ வேறொன்று. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் சாலையோரத்தில், தோவ விகாரையின் பாறையில், 38 அடி உயரமான புத்தர் உருவம் பாதியில் விடப்பட்டு நிற்கிறது. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் தென்னிந்தியப் படையெடுப்பாளரிடமிருந்து தப்பி மறைந்து வாழ்ந்த வலகம்பா மன்னன் இதைத் தொடங்கினான் என்பது உள்ளூர் வழக்கு. சிற்பநடையைக் கொண்டு பார்ப்போர் இதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட காலத்தையே கூறுவர். முகமும் தோளும் தெளிந்து வந்திருக்க, கீழே செல்லச் செல்ல உடல் பாறைக்குள் திரும்பிப் போய்விடுகிறது. முடிவுறாத சிலைகளில்தான் வேலை தெரியும். காஃப்ரேயை அடுத்து ஆண்ட மென்கவ்ரேயின் கோவிலில் ஜார்ஜ் ரெய்ஸ்னர் கண்டெடுத்த முடிவுறாச் சிறுசிலைகளில், எங்கே தேய்க்க வேண்டும் என்று காட்டும் செந்நிறக் கோடுகள் அழியாமல் இருந்தன; மெருகேறிய காஃப்ரேயில் முற்றாக மறைந்துபோன மனிதக் கையை அந்தக் கோடுகளில் காண முடிகிறது. தோவயிலும் அப்படித்தான். பெயர் தெரியாத ஒருவன் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே வந்து, எந்த அடியில் உளியை வைத்தானோ, அந்த அடி அங்கேயே இருக்கிறது.

ஊவா மலைகளில் அதற்குப் பின் பெருமளவில் கல்லை உடைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே. தோட்டத்து ரோட்டுக்குப் பாவிய கல், வடிகானுக்கு ஓரம் கட்டிய கல், ஆலைக்கு அடித்தளமிட்ட கல், மண் சரியாதபடி மலைச்சரிவில் அடுக்கிய கல்லுக்கட்டு என எல்லாம் சம்மட்டியும் உளியும் பட்டவை. 1921இல் முடிந்த, உருக்குச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சிமெந்தும் கொண்டு எழுப்பிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் இன்று உலகப் பயணிகளின் படங்களில் நிறைந்திருக்கிறது. அதன் மேல் சென்ற இருப்புப் பாதை 1924இல் பதுளையை அடைந்தது.

அம்மக்களின் பேச்சில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனியான ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய கணக்கே பேர். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்னும் பேரேட்டில் அன்றன்றைக்குப் பேர் விழ வேண்டும். எகிப்திய மன்னன் காலமெல்லாம் நிற்க வேண்டுமென்று வளையத்துக்குள் வெட்டி வைத்ததை, கொழுந்து பறிப்பவள் மாலைக்குள் ஈட்டி, மறுநாள் காலை மீண்டும் இழக்கிறாள்; பெயரைப் பாதியாக்கலாம் என்பது நீள்வளையத்தைச் சுரண்டிய எந்த அரசனுக்கும் தோன்றாத ஒன்று. அதற்கு மேலான பேரேடு ஒன்றும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. ‘பேர்’ என்ற சொல் அங்கே தலைக்கணக்காகச் சுருங்கியது.

இத்தோட்டங்களில் வழிபடப்படும் தெய்வங்களுள் கவ்வாத்துச் சாமி என்ற ஒன்று உண்டு. கவ்வாத்து என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளை அடியோடு ஒட்ட வெட்டி மீண்டும் தழைக்கச் செய்யும் வேலை. கூர்மையான கத்தியைக் காலருகே வீசிச் செய்யும் அவ்வேலை தொடங்கும் நாளில், மலையில் ஒரு கல்லை நிறுத்தி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, கத்திகளை அதன் முன் வைத்துக் கும்பிடுவது வழக்கம். ஆலையில் சுழலும் சக்கரத்துக்குக் காவலான ரோதமுனியும் இப்படித் தோட்டத்திலேயே பிறந்த தெய்வம்தான். ஆகமத்திலோ ஊர்ப்புராணத்திலோ இவர்களுக்கு இடமில்லை. கவ்வாத்துச் சாமியின் கல்லைச் சிற்பி தொடுவதில்லை. அதில் வாய் திறக்கப்படவில்லை, கண் எழுதப்படவில்லை, எவருடைய பெயரும் வெட்டப்படவில்லை. காஃப்ரேயின் சிலை எதை எதிர்பார்த்து அவ்வளவு கடினமான கல்லில் செய்யப்பட்டதோ, அந்தப் படையலும் நீரும் கூப்பிடும் குரலும் கெய்ரோவின் கூடத்தில் அதற்குக் கிடைப்பதில்லை. பக்கவாட்டில் நகர்ந்து வல்லூறைத் தேடிப் பார்க்கும் கண்கள் மட்டுமே கிடைக்கின்றன. கவ்வாத்து முடிந்த மலையில் முதலில் வெறும் கட்டைகள் தெரியும், சில மாதங்களில் துளிர் வரும், பின் செடிகள் ஒன்றோடொன்று கூடி மேற்பரப்பு பச்சையாக மூடிக்கொள்ள, ஓரத்தில் நிறுத்திய வரிப்பாறைத் துண்டு மற்றக் கற்களோடு கலந்து, அடுத்த கவ்வாத்துக்குக் கத்திகள் வரும்வரை கண்ணில் படாமல் கிடக்கும்.